கீரை வடித்த தண்ணீர்

தம்பி,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதனால் அதை விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை நீயும் மீனாவும் மெல்பர்னுக்குப் புறப்படுகிறீர்கள். அதற்குள் உன்னிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் “இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா” என்றுதான் கேட்டேன். பேசினால் அழுவேன், அழுதால் நீ ‘அழாதீங்கம்மா’ என்று என்னைத் தேற்றுவாய், சொல்ல வந்தது அப்படியே அமுங்கிப்போகும். அதனால் எழுதுகிறேன். நீ படித்த பிறகு இதைக் கோயில் மகளிர் குழு நடத்தும் இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இருக்கும் வீடுகள் ஈசூனில் நம் அடுக்குமாடி புளோக்கிலேயே இருக்கின்றன. அங்கே சமைக்கிற பெண் எவளாவது நான் செய்ததைச் செய்துகொண்டிருந்தால், அவள் இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மீனா உன் அப்பாவின் படத்தைப் பார்த்து, “மாமா பாக்கறதுக்கு எவ்ளோ சாதுவா இருக்காங்க” என்றாள். நீ சிரித்தாய். “சாதுவா? நீ வேற. கிட்னி ரெண்டும் போன பெறகும் ஆளு திருட்டுத்தனமா வாழைப்பழம் சாப்பிடுவாரு லா. பிளட் டெஸ்ட்ல மாட்டிக்கிட்டா, மூஞ்சியப் பாவமா வச்சுக்கிட்டு, ‘நான் ஒன்னுமே சாப்பிடலடா’ம்பாரு.” மீனா, “ச்சீ, அப்படிப் பேசாதீங்க” என்றாள். நீ, “பாவம்தான். ஆனா வாயைத் திறந்தா பொய். வாயைக் கட்டியிருந்தா இன்னிக்கு நம்மளோட உக்காந்து சாப்பிட்டிருப்பாரு” என்றாய். அப்பளம் கருகியது. “அம்மா, என்ன கருகற வாசனை?” என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

உன் அப்பா திருட்டுத்தனமாக எதையும் சாப்பிடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் இரத்தத்தில் ஏறிய பொட்டாசியம் என் கையால் உள்ளே போனது. இது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டு ஆண்டும் நீ அவரைப் பொய்யர் என்று சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சிறுநீரகம் இரண்டும் பழுது, இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று முடிவானபோது நீ தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தாய். இருபத்தைந்து வருடம் புளோக் புளோக்காக லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், டயாலிசிஸ் நிலைய நாற்காலியில் நான்கு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்காரப் பழகினார். நிலையத்தில் உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் நிறைந்தவை என்று தக்காளி, வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் படம் போட்டுச் சிவப்பில் குறுக்குக் கோடு. “ஆன்ட்டி, காய்கறிய சின்னதா வெட்டி, நெறைய தண்ணில கொதிக்க வச்சு, தண்ணிய ஊத்திடுங்க. பொட்டாசியம் போயிடும்” என்றார். போயிடும் என்றால் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகிற மாதிரி அதுவும் சாகும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்ததுதான் என் முதல் தப்பு. நீ படித்தவன், இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு பொருள் போய்விடும் என்று யாராவது சொன்னால், எங்கே போகும் என்று கேட்டுவிட்டு வா.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிலிட்டர்தான் தண்ணீர். காலை காபி எண்பது, மாத்திரைக்கு ஐம்பது என்று ஒவ்வொரு மடக்கும் எழுதினேன். புரதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார்கள். முட்டையைத் தொட்டறியாத நான் அதற்கென்று தனி வாணலி வாங்கி, மூக்கைச் சுளிக்காமல் செய்துபோட்டேன். முதல் சில வாரம் காய் வெந்த தண்ணீரைச் சொன்னபடி கொட்டினேன். ஆனால் அவர் மெலிந்துகொண்டே வந்தார். பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொள்வார். டயாலிசிஸ் முடிந்து வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. நானோ முருங்கைக்கீரை வெந்த தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் வீட்டில் கீரை வடித்த தண்ணீரை யாரும் கொட்டியதில்லை, அதில்தான் ரசம் வைப்போம். சாமிக்குப் படைக்கிற அடுப்பிலிருந்து சத்தை எடுத்துச் சாக்கடையில் விடுவது எனக்குப் பாவமாகப் பட்டது. கெட்டதுதான் கொதியில் செத்துவிட்டதே, மிச்சமிருக்கும் சத்தாவது அவர் உடம்பில் சேரட்டும் என்று ஒருநாள் அந்தத் தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். தக்காளி போடவில்லை, தாளில் அதற்குக் கோடு போட்டிருந்தது. வடித்த தண்ணீருக்குத் தாளில் படமே இல்லை. “ஆஹா, ரொம்ப நாள் கழிச்சு வாய்க்கு ருசியா இருக்கு” என்றார். நோட்டில் எழுதினேன்: ரசம், நூறு. மறுநாளும் எழுதினேன்.

அடுத்த மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியது. தாதி கேட்டாள்: “அங்கிள், என்ன சாப்பிட்டீங்க? நான் திட்ட மாட்டேன், உண்மையச் சொல்லுங்க லா.” அவர், “வீட்ல குடுக்கறதுதாம்மா” என்றார். பக்கத்து நாற்காலிக்காரர், “அண்ணே, ஃபேரர் பார்க் பக்கம் இளநிக் கடைக்காரன் ஒங்களுக்குச் சொந்தமாமே?” என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைக் கேட்டபோது, காய்கறியை வெட்டி, கொதிக்கவைத்து, வடித்துத்தான் சமைக்கிறேன் என்றேன். அது உண்மை. வடித்ததை என்ன செய்கிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு நீ பல்கலைக்கழக விடுமுறையில் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தாய். ரசம் நூறு என்பதை நீயும் தாண்டித்தான் போனாய். அதில் உன் குற்றம் எதுவும் இல்லை. எந்தத் தண்ணீர் என்று நான் எழுதவில்லை. “அம்மா பெர்ஃபெக்ட்டா எழுதியிருக்காங்க. அப்ப வெளிய போய்த்தான் சாப்பிடறாரு” என்றாய். என் கணக்கு சரியாக இருந்ததால் அவர் பொய்யரானார்.

அந்த வாழைப்பழ நாள் உனக்கு நினைவிருக்கும். கோயிலிலிருந்து வந்தவரின் பையில் நீ கையை விட்டு ஒரு பழத்தை வெளியே எடுத்தாய். “இது என்னப்பா?” “அர்ச்சகர் குடுத்தாருடா. அம்மாவுக்குக் கொண்டாந்தேன்.” “அப்பா, பொய் சொல்லாதீங்க. செத்துப்போயிடுவீங்கப்பா, புரியுதா ஒங்களுக்கு?” அவர் என்னைப் பார்த்தார். “நீயாச்சும் சொல்லேன்” என்றார். நான், “அவன் ஒங்க நல்லதுக்குத்தானே சொல்றான்” என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். நான் போகவில்லை. நீ இனிப் பேசப்போவதில்லை என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அதன் பிறகு நானும் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். வெளியே போய்விட்டு வந்தால் அவர் வாயருகே முகர்ந்தேன். ஒருநாள் அவரே வாயைத் திறந்துகொண்டு எதிரே வந்து நின்றார். “ஊதட்டுமா? போலீஸ்காரங்ககூட இவ்ளோ கிட்ட வரமாட்டாங்க” என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அந்த வருடத் தைப்பூசத்தில் அவருக்காக நான் பால்குடம் எடுத்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து வெறுங்காலோடு வந்தபோது, டோபி காட் ரயில் நிலையத்தருகே அவர் எனக்காகத் தண்ணீர்ப் போத்தலோடு வெயிலில் நின்றிருந்தார். இரண்டு மணி நேரமாக நிற்கிறார் என்று பக்கத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். அவர் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தையே வரவில்லை. போத்தலின் மூடி திறக்கப்படாமல் இருந்தது. அவ்வளவு தாகத்தில் கையிலிருந்த தண்ணீரைத் தொடாதவர் ஒரு வாழைப்பழத்துக்காகப் பொய் சொல்வாரா என்று நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பால் சிந்தாமல் கோயில் வரை போக வேண்டும் என்பதிலேயே இருந்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர், செருப்பு அடுக்கின்மேல் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில், பொட்டாசியம் மிக அதிகமாகி இதயம் நின்றிருக்கிறது என்றார்கள். நடைபாதையில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நீ, “கடைசி வரைக்கும் என் பேச்சக் கேக்கலியேம்மா” என்றாய். நானும் அதையே சொல்லி அழுதேன்.

பிறகு நீ வேலைக்குப் போய்விட்டாய், வீட்டில் நான் மட்டும். பத்தாவதோடு நின்றவள் நான். நீ தொடக்கப்பள்ளி போனபோது உன் புத்தகங்களை வைத்துத்தான் ஆங்கிலம் எழுத்துக் கூட்டினேன். நீ பள்ளி முடித்துத் தொடக்கக் கல்லூரிக்குப் போனதும் உன் பாடம் எனக்கு எட்டாமல் போயிற்று. விட்ட இடத்திலிருந்து படிக்கலாமே என்று உன் உயிரியல் புத்தகத்தை அகராதியோடு எடுத்து உட்கார்ந்தேன். காலையில் பூஜை முடித்து இரண்டு பக்கம். முதல் பாடமே தண்ணீரைப் பற்றி இருந்தது. நடுவே ஓர் ஆக்ஸிஜன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ரஜன். எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு சேர்ந்திருக்கின்றன. ஆனால் பங்கு சமமில்லை. ஆக்ஸிஜன் தன் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் லேசான எதிர்மின், மறு பக்கம் லேசான நேர்மின். அதனால்தான் ஒரு துளித் தண்ணீர் இன்னொரு துளியை ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் உப்பு கரைகிறது, எண்ணெய் கரைவதில்லை. எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தண்ணீர் பிடித்திழுக்க அதில் பக்கம் என்று ஒன்று இல்லை. கேரட்டின் நிறமும் எண்ணெயின் இனம்தானாம். எவ்வளவு வெந்தாலும் அது பெரும்பாலும் கேரட்டிலேயே இருக்கும். வடித்த தண்ணீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து, இதில் கெட்டது என்ன இருக்கப்போகிறது என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் பாடத்தில் உயிரணுவின் சவ்வு வந்தது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. தண்ணீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், தண்ணீரை ஒதுக்கும் வால்கள் உள்பக்கம். மின்சுமை உள்ள எதுவும் அந்த வால்களைத் தானாகத் தாண்ட முடியாது. கீரையின் பொட்டாசியம் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. கொதித்தால் சுவர் உடையும், அது வெளியே வரும். முட்டை வெந்தால் வெள்ளையாவது பற்றியும் இருந்தது. புரதத்தின் மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு மாதிரியான பலவீனமான பிடிகள்; சூட்டில் அவை விட்டுப்போகும், மடிப்பு குலையும். சூட்டில் குலைவது அந்த மாதிரிப் பொருள். பொட்டாசியம் குலைவதற்கு அதில் மடிப்பு இல்லை, சாவதற்கு அது கிருமி இல்லை. அது ஓர் அணு. எந்த அடுப்பும் அதை ஒன்றும் செய்யாது. பக்க ஓரத்தில் நீ பென்சிலால் படம் வரைந்திருந்தாய். நடுவில் நேர்மின் சுமையோடு ஒரு பொட்டாசியம். சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள், எல்லாம் தங்கள் ஆக்ஸிஜன் பக்கத்தை அதன்பால் திருப்பிக்கொண்டு, ஒரு குழந்தையைச் சூழ்ந்துகொண்ட மாதிரி. கீழே உன் கையெழுத்தில், ‘தண்ணீர் இதை அழிப்பதில்லை, சுமந்துபோகிறது.’ தம்பி, நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்றைக்கும் எனக்காக முருங்கைக்கீரை வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

தப்பாகப் புரிந்துகொண்டிருக்கக் கூடாதா என்ற ஆசையில் மறுநாளே நிலையத்துக்குப் போய் அந்த உணவு ஆலோசகரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆன்ட்டி, அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். அங்கிளுக்கு ஹார்ட்டும் வீக்கா இருந்துச்சு. அதனாலதான்னு யாரும் சொல்ல முடியாது. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நானும் கேட்டிருக்கணும்” என்றார். நல்ல பிள்ளை. நான் அதில் ஒதுங்கிக்கொள்ளவில்லை. என் நோட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரசம் தொடங்கிய வாரத்துக்குப் பிறகுதான் ஏற்றம். நான் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நீ சமைத்துப்போட்ட மாதம் மட்டும் இறங்கியிருக்கிறது. அந்த மாதம், “பாத்தீங்களாம்மா, நான் காவல் காத்தா எறங்குது” என்று நீ பெருமையாகச் சொன்னாய். நாமிருவரும் அதையும் அவருக்கு எதிராகத்தான் வைத்துக்கொண்டோம்.

ஏன் அப்போதே உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சாமியிடம் சொன்னேன். தினமும் விளக்கேற்றும்போது சொன்னேன். சாமி எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, அதனால் அது எனக்கு வசதியாக இருந்தது. உன்னிடம் சொன்னால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன். எனக்கு இருப்பது நீ ஒருவன். உன்னை வைத்துக்கொள்வதற்காக உன் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, தாத்தா எப்படி இருந்தார் என்று அது கேட்டால், வாயைக் கட்டத் தெரியாதவர், பொய்யர் என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதுதான் கேட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ பேசாமல் இருந்த அந்தக் கடைசி வாரங்களில் அவர் உன்மேல் கோபமாக இல்லை. “அவன் படிச்சவன், சரியாத்தான் சொல்லுவான். எனக்கே தெரியாம என்னமோ சாப்பிடறேன் போல” என்றார். அதன் பிறகு காபிக்கடைப் பக்கமே போகவில்லை. கோயிலில் கொடுத்த விபூதியைக்கூட நெற்றியில்தான் பூசினார், வாயில் போடவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை காலெல்லாம் தளர்ந்து கிடந்தார். பிஸ்கட் நீட்டினேன், வேண்டாமென்றார். “தம்பி சொல்லியிருக்கான்ல. வெளிச் சாமான் எதுவும் வேணாம். ஒன் கையால வைக்கற ரசம் மட்டும் குடு. அதுல பயமில்ல” என்றார். அன்றைக்கு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கொடுத்தேன். கடைசி வரைக்கும் உன் பேச்சைக் கேட்கவில்லை என்றாயே, தம்பி. அவர் கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். இது உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் அவர் உன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நான் மறைத்துவைக்கக் கூடாது. நீ சொன்னது சரியான சொல், உலகத்தில் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். தப்பு நடந்தது என் பாத்திரத்தில்.

இதைப் படித்ததும் மீனாவைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தவறு, என் அப்பா பொய் சொல்லவில்லை என்று உன் வாயால் சொல்லிவிடு. எனக்கு முன்னால் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தகவலும் சொல்ல வேண்டியதில்லை. என்னை மன்னிக்கும்படி கேட்கவும் இதை எழுதவில்லை. சனிக்கிழமை விமான நிலையத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதை நீயே முடிவு செய். வரவேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும், முழுதாக வரட்டும். ஆனால் அதை என்மேல் காட்டு. நான் உயிரோடு இருக்கிறேன், நீ என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்வேன்.

உன் அம்மா